மூன்றாம் நம்பர் மலையில் ஓர் ஆஸ்பத்திரி

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வேன்,
ஒன்பது படப் பைத்தியங்கள்.
மஸ்கெலியா தாண்டி, மூன்றாம் நம்பர் மலையில்
இன்னும் நிற்கிறது அந்த ஆஸ்பத்திரி:
கதாநாயகி கண் திறந்த ஜன்னல்,
டாக்டர் உட்கார்ந்து அழுத படி.

ரிஸ்னி அழுது காட்டினாள்.
மூன்றாவது டேக்கில் சரியாக வந்தது.

பின்பக்கம் போனால்
மழையில் உப்பிய ப்ளைவுட்,
முட்டுக்கொடுத்த சவுக்குக் கம்புகள்,
யாரோ கட்டிவிட்டுப் போன ஆடு.

கொழுந்து நிறைந்த பையோடு நின்ற யோகராணி சொன்னாள்:
"ஷூட்டிங் முடிஞ்ச மறுவாரம்
கீழ்ப்பிரிவுக்காரி ஒருத்தி
காய்ச்சக்காரப் புள்ளயத் தூக்கிக்கிட்டு
ராவோட ராவா ஏறி வந்து
இந்தக் கதவத்தான் தட்டுனா.
சிவப்புச் சிலுவை போட்டிருக்குல்ல."

"அப்புறம்?"
இடைவேளைக்குப் பின் என்ன என்பதுபோலக் கேட்டான் நிரோஷன்.

நிறுவைக்கு நேரமாச்சு என்று
அவள் இறங்கிப் போய்விட்டாள்.