ஈறத்தரை

பெயருக்காக மூன்று மாதம் சண்டை போட்டோம்.
கடைசியில், ஒரு பேரங்காடியின் கழிவறை வாசலில்
மஞ்சள் பலகை ஒன்று வைத்தது எங்களுக்குப் பெயர்:
நான்கு மொழிகளில் எச்சரிக்கை,
நடுவே வழுக்கி விழும் ஓர் ஆள்.
தமிழில் மட்டும் பிழை, ரகரம் இருக்க வேண்டிய இடத்தில் றகரம்.
பிழையோடு எடுத்துக்கொண்டோம்.
என் பழைய தமிழாசிரியர்
இன்றுவரை அதற்காகக் குறுஞ்செய்தி அனுப்புகிறார்.

ஷியு யென்னுக்கு வேறொரு குழு இருந்தது,
ஐந்து பேர், கிட்டார், சொந்த வேன்.
நான் கல்யாண வரவேற்புகளில் டிரம்ஸ்,
குணாளன் பாட.
அங்கேதான் குழம்பு,
இது சும்மா தொட்டுக்கொள்ள
என்று கேட்டவர்களுக்குச் சொன்னோம்.

பொங்கோலில் பதினான்காம் மாடி.
போர் வந்தால் ஒளிய
வீட்டுக்குள்ளேயே கட்டிக்கொடுத்த சிறு அறை,
போர் வரும்வரை அதில் அரிசி மூட்டை, பெட்டிகள்,
சீனப் புத்தாண்டுச் சிவப்பு விளக்குகள்.
இரும்புக் கதவைச் சாத்தினால்
கைப்பேசிக்கு உயிர் போகும்,
எங்களுக்கு மூன்று நிமிடத்தில் வேர்த்துக் கொட்டும்.
அதனால் எந்தப் பாட்டும் மூன்று நிமிடத்தைத் தாண்டவில்லை.
"சொற்சிக்கனம்" என்று எழுதினார் ஒரு விமர்சகர்.

சிந்தசைசர் ஹவ்காங் தேவாலயம் ஒன்று கழித்துக்கட்டியது.
ஒரு கருப்புக் கட்டை பேசாது.
அந்தச் சுரத்தைச் சுற்றிக்கொண்டு போகப் பழகினோம்,
பிளாட்பாரத்தில் தூங்குகிறவனைச் சுற்றிப் போவதுபோல.
தாளத்துக்கு, மின்தூக்கிக் கதவு,
ரயில் மூடும் முன் அடிக்கும் மணி,
அவள் ஆய்வகத்தில் ரத்தக்குழாய்களைச் சுழற்றும் இயந்திரம்.

வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுப்பேன்.
பன்னிரண்டு ஆண்டு தமிழ் படித்த என் வாயில்
நிற்காமல் வழுக்கும் ழகரம்
முதல் தடவையிலேயே அவளுக்கு வந்தது.
"இது எங்ககிட்டயும் இருக்கே" என்றாள்.
மழை, பழுது, கீழே, எழு.
அன்றிரவு அவளுக்காகவே
ழகரம் தேடித்தேடி எழுதினேன்,
அர்த்தத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாமல்.

முதல் நிகழ்ச்சி ஊபியில்,
டயர் கடைக்கு மேலே, கறிபஃப் பட்டறைக்குப் பக்கத்தில்.
பதினொரு பேர்.
இருவர் மாடி தவறி வந்தவர்கள்.
அவள் அப்பா காதில் விரலோடு உட்கார்ந்திருந்தார்,
கடைசிப் பாட்டு வரை
விரலையும் எடுக்கவில்லை, எழுந்தும் போகவில்லை.

சலவைக்கடைச் சங்கிலி ஒன்று எங்கள் பாட்டை வாங்கியது.
நாற்பத்தொரு வெள்ளி அறுபது காசு.
உணவங்காடியில் திருக்கை மீன் சொல்லிக் கொண்டாடினோம்,
ஐம்பத்து மூன்று வெள்ளி ஆனது.

பிறகு குணாளன் பெர்த்துக்குக் குடிபோனான்.
வேன் யாருக்கு என்ற தகராறில்
அவளுடைய குழுவும் உடைந்தது.
குழம்பு தீர்ந்த தட்டில்
தொட்டுக்கொள்ள வைத்தது மட்டும் இருந்தது.
இனி முழுநேரம் இதுதான் என்று
சனிக்கிழமை முழுக்க அந்த அறை முன் உட்கார்ந்தோம்.
வரவில்லை.
வேறெங்கோ போகவேண்டிய அவசரத்தில்
பிறந்த பாட்டுகள் அவை போலும்.
இரண்டு ஆண்டில் அரைப் பாட்டு.
எனக்கு ராணுவ மறுபயிற்சி, அவளுக்குப் பதவி உயர்வு.
கணினியில் கோப்பின் பெயர்: கடைசி, கடைசி 2,
நிஜமாகவே கடைசி, கடைசி 7.

பிரிந்தோம் என்று அறிவிக்கவில்லை,
யாரும் கேட்கவுமில்லை.

நேற்று சிராங்கூன் நிலையத்தில், கடைசி ரயிலுக்கு முன்,
அதே மஞ்சள் பலகை.
எழுத்தைத் திருத்தியிருந்தார்கள்.
படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன்.
"யாரைக் கேட்டு?" என்று பதில் வந்தது.
அதன் கீழே ஓர் ஒலிப்பதிவு, ஏழு நொடி:
சுழன்ற இயந்திரம்
நிற்பதற்குச் சற்று முன்னால் எழுப்பும் அந்த முனகல்.
காதோடு வைத்துக்கொண்டு
துடைத்துக்கொண்டிருந்தவர் கத்தக் கத்த
ஈரத்தில் கால் வைத்தேன்.