பூமியை ஒரு சுற்று

ஐந்து ரோடு பேக்கரியில்
டீ வட்டத்தைத் துடைத்துவிட்டு
மூன்று அட்டைகளின் படத்தை விரித்தான் குணாளன்.
கறுப்புக்கு விமான நிலையத்தில் சாய்ந்துகொள்ள சோபா.
நீலத்துக்கு வெளிநாட்டு ஓட்டலில் ஓர் இரவு.
மூன்றாவது, பெட்ரோலுக்கு மட்டும்;
அதன்மேல் முழங்கையை ஊன்றியபடியே பேசினான்.

"மாசம் எதுக்கு சார் அதிகமா தேய்ப்பீங்க?"

சட்டைப்பையைக் கவிழ்த்தேன்.
அஸ்தம்பட்டி பங்க் ரசீது: இருநூறு, இருநூறு, நூற்றைம்பது.
மீதியெல்லாம் ஏற்காடு பஸ் டிக்கெட்.
மலைமேல் பள்ளியில் வேலை பெனிட்டாவுக்கு.
என் ஸ்கூட்டர் அடிவாரத்திலேயே மூச்சை விட்டுவிடும்.
சனிக்கிழமை ஏற்றம், ஞாயிறு இறக்கம்,
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
வாயில் ஒரே ஒரு எலுமிச்சை மிட்டாய்.

போனில் பெருக்கிப் பார்த்தான்.
வாரம் அறுபது கிலோமீட்டர், பதின்மூன்று வருடம்.
"சார்! பூமியையே ஒரு சுத்து சுத்திட்டீங்க!"

பாயிண்ட்?
மீதி எட்டு ரூபாயை
டிக்கெட் முதுகில் கிறுக்கித் தருவார் கண்டக்டர்.
இறங்கும்போது கேட்க மறந்துவிடுவேன்.
அப்படி எத்தனையோ எட்டு ரூபாய்
காலாவதியாகிக் கிடக்கிறது மேசையில்.

அவன் முழங்கையை மெல்ல நகர்த்திவிட்டு
பெட்ரோல் அட்டைக்குக் கையெழுத்துப் போட்டேன்.
அதில் கமிஷன் குறைவாம்.
இருந்தாலும் டீக்கு அவன்தான் கொடுத்தான்,
சில்லறையாக, எண்ணி எண்ணி.