இரவல் துப்பாக்கி

அகப்பையைக் கீழே வை என்றார் படக்கார துரை.
வைத்தேன்.
அரக்கான் மழையில் நூற்றிருபது பேருக்குச்
சோறு பொங்கிக்கொண்டிருந்தவன் நான்.
பருப்பு அடிப்பிடிக்கும் நேரம்.

சர்க்கார் அனுப்பிய ஆள் அவர்.
தோளில் மூன்று நட்சத்திரம்,
இடுப்பில் ஒரு தகர டப்பா, உள்ளே பன்னிரண்டு வண்ணம்.
பத்து நாளாய் எங்களோடுதான் கிடந்தார்.
கோவேறு கழுதைக்கு லாடம் அடிப்பதை வரைந்தார்.
அட்டை கடித்த காலைப் பிதுக்குகிறவனை,
உடைந்த கண்ணாடியில் பாதி முகம் மழிப்பவனை,
எழுதத் தெரிந்த ஒருவன் முன்னால்
ஊருக்குக் கடிதம் சொல்ல வரிசையில் நின்றவர்களை.
செத்தவனை வரைந்த தாளை மட்டும்
சட்டைக்குள் செருகிக்கொண்டார்.
மேலே அதை வாங்க மாட்டார்களாம்.

என் முகம் அவருக்குப் பிடித்துப்போனது.
"மதராஸ் வீரன்" என்று துபாஷி சொன்னான்.
வீரனுக்குத் துப்பாக்கி வேண்டுமே.
ஓடைக்குக் குளிக்கப் புறப்பட்ட ஞானாதிக்கம்
தோளிலிருந்து கழற்றிக் கொடுத்தான்.
"வார்ல ஒரு முடிச்சு இருக்கு கலியா, அவுத்துடாதே."
மஞ்சள் நாடா, சுண்டுவிரல் நீளம்.
தரங்கம்பாடியில் யாரோ கட்டி அனுப்பியது.

நாற்பது நிமிஷம் நின்றேன்.
என் தேத்தண்ணிக் குவளையில் தூரிகை கழுவினார்.
கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
குவளைக்குள் கலங்கியது
ஆடியில் கொள்ளிடம் இழுத்து வரும் அதே செம்மண் நிறம்.
சிரிப்பு வந்தது. சிரிக்காதே என்றார்.

ஓடைப் பக்கம் வெடித்தபோது
மூக்கு வரைந்துகொண்டிருந்தார்.
அசைந்துவிட்டேன்.
படத்தில் என் மூக்கு கோணலாய் இருப்பது அதனால்தான்.

வெறுங்கையோடு போனவனைப் போர்வையில் தூக்கி வந்தோம்.
ஒரு காதில் சோப்பு நுரை இன்னும் காயவில்லை.
ஹவில்தார் துப்பாக்கியின் நம்பரைச் சரிபார்த்தார்,
கையெழுத்து வாங்கினார்.
அந்தப் படிவத்தில் நாடாவுக்கு இடம் இல்லை.
அறுத்துப் போட்டார்.

சண்டை முடிந்த மறுவருஷம்
அணைக்கரையில் எனக்கு லஸ்கர் வேலை.
ஷட்டர் ஏற்றுவது, இறக்குவது, அடி அளவு எழுதுவது.
போஸ்ட் மாஸ்டர் ஒரு சர்க்கார் பத்திரிகையை நீட்டினார்.
முழுப் பக்கத்துக்கு நான்.
கீழே: அஞ்சாத காவலன்.
டீக்கடையில் கேட்டார்கள், எத்தனை ஜப்பான்காரனை முடித்தாய்?
வேகாத பருப்பால் நம்மாட்கள் இரண்டு பேர்
மூன்று நாள் காட்டுக்கு ஓடினார்கள்.
என் கணக்கு அவ்வளவுதான்.

பக்கத்தைக் கிழித்து மடித்து
மாயவரத்தில் வண்டி மாறி
கடைசி ஸ்டேஷன்வரை போனேன்.
மிஷன் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு கழுவிக்கொண்டிருந்தாள் ரெபேக்காள்.
என் முகத்தையும் பார்க்கவில்லை, படத்தில் இருந்த முகத்தையும்.
ஈர விரல் நேரே வாருக்குப் போனது.
மஞ்சள் பட்ட இடம் மட்டும் ஊறிப் புடைத்தது.

"இது ஏன் உங்க கையில இருக்கு?"

வழி நெடுக, பொறையாறு தாண்டும்வரை
பதில்களை அடுக்கி வைத்திருந்தேன்.
இதற்கு ஒன்றும் இல்லை.

உள்ளே போய்க் கத்தரிக்கோல் எடுத்து வந்தாள்.
தாளின் இரண்டு ஓரத்தையும் நான் பிடித்துக்கொண்டேன்.
வாரில் தொடங்கி, குழல் முனை சுற்றி,
என் விரல்களை மட்டும் விட்டுவிட்டு
மெதுவாக வெட்டினாள்.
இந்த முறை நான் அசையவில்லை.

மீதியை ஷட்டர் அறையில் ஒட்டியிருக்கிறேன்.
மார்புக்குக் குறுக்கே நீளமாய் ஒரு ஓட்டை,
அதற்குள் சுண்ணாம்புச் சுவர்.
தோளுக்குப் பின்னால், ஓரத்தில்,
துரை போகிற போக்கில் இழுத்த இரண்டு சாம்பல் கோடு.
புகை அது. என் அடுப்பு.
அன்றைக்குப் பருப்பு அடிப்பிடித்துத்தான் போனது.