நாற்பத்தோரு அடுக்கு

நீடாமங்கலத்து நாற்றின் வேர்.
சிவப்பு, செல் சுவர். பச்சை, பாக்டீரியா.
மேலிருந்து பார்த்தால் எங்கும் மஞ்சள்.
"சேந்துடுச்சுக்கா" என்றான் இன்பராஜ்,
அப்போதே அட்டைப்படம் ஆக்கிவிடும் அவசரத்தில்.

நாற்பத்தோரு அடுக்கு அது.
ஒன்றன்மேல் ஒன்றாக அமுக்கினால்
யாரும் யாரோடும் சேர்ந்தவர்தான்.

பக்கவாட்டில் திருப்பினேன்.
பச்சை மேலே,
ஆறு மைக்ரான் கீழே சிவப்பு,
நடுவில் கறுப்பு.

மன்னார்குடி ரோட்டில் ஒரு சைபன் இருக்கிறது.
பாசன வாய்க்காலுக்கு அடியில் வடிகால் ஓடும்.
வரைபடத்தில் ஒரே புள்ளி.
இரண்டு தண்ணீரும்
ஒன்றையொன்று பார்த்ததே இல்லை.

பின்னணி ஒளியைக் கழித்தேன்.
வரம்பை ஒரு பிடி உயர்த்தினேன்.
கரண்ட் போய் யூபிஎஸ் கத்தும் நேரத்தில்
எண் வந்தது:
தட்டையில் நூற்றுக்கு எண்பத்து மூன்று,
கனத்தில் பதினேழு.

"அப்ப இல்லையாக்கா?"

இருக்கு, இருபத்தாறாம் அடுக்கைப் பார்.
பக்கவேர் தோலைக் கிழித்துக் கிளம்பும் இடத்தில்
எப்படித் திருப்பினாலும் பிரியாத
கொஞ்சூண்டு மஞ்சள்.

கோப்புக்குப் பெயர் கேட்டது கணினி.
தேதியை மட்டும் அடித்தேன்.
வெளியே மோட்டார்கள் ஒவ்வொன்றாக
மறுபடி இரைய ஆரம்பித்தன.