இரண்டாம் கியர்

டயர் டியூபைக் கிழித்துத் திரித்த பட்டை.
ஒரு முனை கியர்த் தண்டின் கழுத்தில்,
மறுமுனை சீட்டின் இரும்புக் காலில்.
இரண்டாம் கியர் நழுவாதிருக்க
ஷம்சா கண்டுபிடித்த வைத்தியம்.
நான்கு வருஷம் தாங்கியது.
போன வாரம் அறுந்ததாம்.
பின்னால் ஒரு டேங்க் தண்ணீர்,
முன்னால் மணல் இறக்கம்.
அதற்குமேல் அவள் சொல்லவில்லை.
மூக்கின்மேல் கத்தியாய் நிற்கும் முகத்திரைக்குள்ளிருந்து
கண் மட்டும் என்னை அளந்தது.
"யா முஹந்திஸ், எத்தனை நாள்?"

டிப்ளமோவில் எனக்கு இரண்டு பேப்பர் பாக்கி.
சினாவ் சனையாவில்
அதை யாரும் கேட்பதில்லை.

அடிப்பக்கத் திருகைக் கழற்றினேன்.
வழிந்த எண்ணெய் கறுப்பாக இல்லை,
மினுங்கியது.
திருகின் காந்த முனையில்
இரும்புத்தூள்
சிலிர்த்த பூனைபோல் நின்றது.

எண்பத்தெட்டாம் வருஷத்து லேண்ட் குரூசர்.
கியர்பாக்ஸை ஜாக்கியில் இறக்கும்போது
ஷஃபிகுல் அதன் எடையை
வங்காளத்தில் திட்டினான்.
பிளந்து பார்த்தால்
ஸ்லீவின் பற்கள்
வாயில் அடக்கிய கல்கண்டாய் முனை கரைந்திருந்தன.
சின்க்ரோ ரிங்கை விரலால் தடவினேன்,
பிடிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.
ஃபோர்க்கில் ஒரு பக்கம்
நகத்தளவு காணோம்.
பேரிங்கைச் சுண்டிவிட்டேன்.
நொய்யரிசி மெல்லும் சத்தம்.

ஷார்ஜாவிலிருந்து முதலில் வந்த ரிங்
வேறு வண்டியுடையது.
திருப்பி அனுப்பி, ஃபோனில் கத்தி,
இரண்டாவது பஸ்ஸில் சரியானது வந்தது.
ஃபோர்க்கைக் கடைசல்காரன் மிர்வாய்ஸிடம் கொடுத்தேன்.
பித்தளை வார்த்து ஏற்றி,
தேநீர் ஆறும்வரை அரம் போட்டு,
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து,
இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தான்.
அந்த இரண்டு இழுப்புக்குத்தான் காசு.

ஆறாம் நாள் அவளே ஓட்டினாள்.
நான் பக்கத்தில்,
இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு.
ஊர் தாண்டி முதல் மணல்மேட்டின் முதுகில் ஏறி
மறுபுறம் மூக்கைக் கவிழ்த்தாள்.
இரண்டாம் கியர்.
தண்டின்மேல் அவள் கை நரம்பு புடைத்தபடி.
"விடுங்கள், அதுவே நிற்கும்."
சுண்டுவிரலை எடுத்தாள்.
பிறகு மோதிர விரலை.
இறக்கம் முடிந்தும்
கட்டைவிரல் மட்டும் நம்பவில்லை.

திரும்பும்போது சொன்னாள்:
"இது இப்போது பேசுவதில்லையே."
பேசக்கூடாது, அதற்குத்தானே
நாற்பத்தைந்து ரியால் என்றேன்.

வியாழன், சந்தை நாள்.
குதிரைமசால் கட்டுகளோடு மறுபடி வந்து நின்றாள்.
வண்டியில் குறையில்லை.
ஒட்டகங்கள்தான் வரவில்லை.
அந்த முனகல் தொலைவில் கேட்டதும்
மேய்ச்சலை விட்டு வரிசையாக வருமாம்.
இப்போது வண்டி பக்கத்தில் போய் நின்றாலும்
வேறு யாரோ என்று
திரும்பிப் பார்த்துவிட்டு மேய்கின்றனவாம்.
ஹாரன் அடித்தால் ஓடுகின்றனவாம்.
"பழையதை மாட்டு."

முடியாது என்று எப்படிச் சொல்வது?
மாட்டினால் பத்து நாளில்
புதுப் பல்லையும் அது தின்றுவிடும்.
குப்பைப் பீப்பாய்க்குள் தலைவிட்டுத் தேடினேன்.
கிழ பேரிங், அதன் தளர்ந்த குண்டுகள்,
வழுக்கை ரிங், கல்கண்டு ஸ்லீவ்.
பால்பவுடர் டின்னில் போட்டு
மூடியை அடித்து இறுக்கி நீட்டினேன்.
வாங்கிக் காதருகே ஆட்டினாள்.
கொஞ்சம் யோசித்தாள்.
குப்பையில் கிடந்த ரப்பர் பட்டையையும் கேட்டு
டின்னைக் கண்ணாடித் தண்டில் கட்டிக்கொண்டாள்.
காசு தரவில்லை. நானும் கேட்கவில்லை,
என்ன பெயரில் ரசீது எழுத?

ஞாயிறு மதியம் அவள் எண்ணிலிருந்து அழைப்பு.
ஹலோ இல்லை, ஸலாம் இல்லை.
கடகட, கடகட என்று வெகுநேரம்.
நின்றது.
மணலில் ஒட்டகக் கால் சத்தம் போடாது.
அதனால் ஒன்றும் கேட்கவில்லை,
ஒன்றும் கேட்கவில்லை,
பிறகு
தொட்டியில் தண்ணீர் உறிஞ்சும் ஒலி,
ஒன்று, மூன்று, நிறைய.
மறுபடி கடகட.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த ஷஃபிகுல்
ஸ்பானரைக் கீழே வைக்காமலே சொன்னான்:
"பேரிங் போச்சு, உஸ்தாத்."

ஆமாம் என்றேன்.