மணிக்கட்டில் எண்

சயான் ஸ்டேஷன் வாசலில்
இருபத்திரண்டு மணிக்கட்டுகளில்
என் நம்பரை எழுதினேன்.
தொலைஞ்சா யாருகிட்டயாவது காட்டணும், சரியா?
கூசுதுக்கா என்று கையை இழுத்ததில்
பொன்மாரிக்கு மட்டும்
ஏழு ஒன்றாகிவிட்டது.
அடித்துத் திருத்தினேன்.

பைகுல்லா வரை ஸ்லோ லோக்கலில்
நானும் ஃபர்ஹானும் எண்ணிக்கொண்டே வந்தோம்.
எனக்கு இருபத்திரண்டு,
அவனுக்கு இருபத்துமூன்று,
யாருடைய பிள்ளையையோ சேர்த்து.

கண்ணாடிக்குள் பெங்குயின்கள்.
இதுங்களுக்கு ஏசியாடா என்றான் ஒருவன்.
பொன்மாரி மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள்.
மூச்சின் ஆவி படியும்,
துடைப்பாள்,
மறுபடி படியும்.
இழுத்துத்தான் வரவேண்டியிருந்தது.

புளிசாதம். ஒரு வாந்தி.
ஒற்றைச் செருப்பைக் காணோம்.
ஆறு மணிக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு
ஒவ்வொன்றாக ஒப்படைத்தோம்.
யாரும் தொலையவில்லை.

மூன்றாம் நாள்
வைவாவுக்கு முந்தின ராத்திரி
தெரியாத நம்பர்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்,
பின்னால் குக்கர் விசில்.

"அக்கா, ராத்திரி அங்க
லைட்ட அணைச்சிருவாங்களா?"

அணைப்பாங்க என்றேன்,
தெரியாமலே.

"சரி.
அம்மா இன்னிக்கு
தேய்ச்சுக் குளிப்பாட்டிரும்.
அதான் இப்பவே கேட்டேன்."