காட்சிப் பொருள் எண் 17

மண்டபத்தில், மீட்டர் கேஜ் காலத்துச் சரக்குக் கொட்டகை இது.
இப்போது அருங்காட்சியகம்.
டிக்கெட் ஐந்து ரூபாய்.
சில்லறை என்னிடம் இருக்காது.

வருகிறவர்கள் முதலில் கேட்பது
புயலில் போன வண்டியை.
அதன் திருகாணிகூட இங்கே இல்லை என்பேன்.
முகம் விழும்.
மின்விசிறியடியில் கொஞ்சம் நின்றுவிட்டு
பாலம் பார்க்கப் போய்விடுவார்கள்.

இருப்பது இவ்வளவுதான்:
கரி அள்ளிய மண்வெட்டி, பிடி இல்லை.
ஒற்றைப் பாதையில் எதிர்வண்டி வராது என்று
டிரைவர் கையில் கொடுத்து வாங்கிய வளையம்.
நீராவி அழுத்தம் காட்டிய கடிகாரம்,
முள் பூஜ்யத்துக்கும் கீழே தொங்குகிறது,
எந்த எஞ்சினும் அந்த அளவுக்கு இறங்கியிருக்காது.
ரசீதுப் புத்தகம் ஒன்று. கரையான் தின்றது போக மிச்சம்:
‘கருவாடு, 2 கூடை, உச்சிப்புளி. நாற்றம் அதிகம்.’
எழுதிய குமாஸ்தா யாரோ,
எனக்குப் பிடித்துப்போனது.

என் வேலை துருவோடு.
செவ்வாய் மண்ணெண்ணெய், வெள்ளி தேங்காய் எண்ணெய்.
கச்சான் அடிக்கும் மாதங்களில்
காலையில் தேய்த்ததைச் சாயங்காலம்
உப்பு வந்து நக்கிவிட்டுப் போயிருக்கும்.

பதினேழாம் எண், பார்சல் எடை இயந்திரம்.
அட்டையில் ‘தொடாதீர். இயங்காது.’
இயங்குமா என்று
யாரும் தொட்டுப் பார்க்காமல் எழுதிய அட்டை.

கடலில் பாசி எடுக்கும் முத்துராக்கு
ஆனி மாதம் ஒரு மத்தியானம்
தண்ணீர் கேட்டு உள்ளே வந்தாள்.
பத்து விரலிலும் துணிச்சுற்று.
கண்ணைச் சுற்றி முகக்கண்ணாடியின் தடம்.
தலையில் காய்ந்த பாசி மூட்டை.
இறக்கிவைக்க இடம் பார்த்தவள்
பதினேழின் மேல் இறக்கினாள்.

பித்தளைத் தண்டு
எழுந்தது.

குண்டை நகர்த்தினேன். ஆடியது. நின்றது.
ராத்தல் கணக்கு: எண்பத்திரண்டு.
டிக்கெட்டின் பின்பக்கத்தில் வகுத்துப் பார்த்தேன்,
முப்பத்தேழு கிலோ சொச்சம்.
“இந்த மூட்டைக்குக் கம்பெனித் தராசு
முப்பத்தொண்ணுக்கு மேல ஏறுனதே இல்ல” என்றாள்.
குடித்த தண்ணீர் தாடையில் வழிந்துகொண்டிருந்தது,
துடைக்கவில்லை.

இதுவும் பொய் சொல்லலாமே.
சுவர் பூச வந்த சிமெண்ட் மூட்டை பின்னால் கிடந்தது,
தையல் பிரிக்காதது. இருவருமாய் இழுத்து ஏற்றினோம்.
நூற்றுப்பத்து ராத்தல்.
சரியாக ஐம்பது கிலோ.

மறுநாள் ஜெபமாலையும் அவள் நாத்தனாரும்.
அதற்கடுத்த நாள் ஏழு பேர்.
ஐந்து ரூபாய் வாங்காமல் விட எனக்கு அதிகாரம் இல்லை;
ஏழு பேருக்கு ஒரு டிக்கெட் கிழித்தேன்,
அதற்கும் அதிகாரம் இல்லை.

கம்பெனி ஆளும் ஒருநாள் வந்தான்.
முழு டிக்கெட். நேரே பதினேழு.
குனிந்து பார்த்தான்.
“முத்திரை ஐம்பத்தொண்ணாம் வருசத்தது. செல்லாது.”
“ஒன்னோடதுல எந்த வருசம்?” என்றாள் முத்துராக்கு.
அன்று முப்பத்துநாலு போட்டான்.
முப்பத்தேழு இன்னும் போடவில்லை.

மாசியில் மதுரையிலிருந்து ஆய்வு அதிகாரி வந்தார்.
வளையத்தில் துரு, குறித்துக்கொண்டார்.
கடிகாரத்தில் துரு, குறித்துக்கொண்டார்.
பதினேழின் தட்டில் முகம் தெரிந்தது,
தலையைச் சாய்த்து மீசையைச் சரிசெய்துகொண்டார்.
“இதுக்கு மட்டும் என்ன எண்ணெய்?”
அதே எண்ணெய்தான் சார்.

பார்வையாளர் பதிவேட்டைப் புரட்டினார்.
கூட்டம் மூன்று மடங்கு என்பதில் மகிழ்ச்சி.
‘கருத்து’ என்ற கட்டத்தில்
வழக்கமாக ‘நன்று’ இருக்கும் இடத்தில்
82, 79, 88, 82, 91.
விரலை ஓட்டிக்கொண்டே போனார்.
“என்னம்மா இது, பழைய வண்டி நம்பரா?”

ஆமாம் சார், என்றேன்.
எல்லாம் சரக்கு வண்டி.